ஏழு மாதப் பிள்ளைக்குச் சூடான தரை

மெல்பேர்ணில் எனக்குக் கிடைத்த முதல் ஒழுங்கான வேலை, அடுத்தவர் வீட்டுத் தரையைச் சூடாக வைத்திருப்பது. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதும்போது இதை எப்படி விளக்குவதென்று தெரியாமல் 'கொதிகலன் வேலை' என்று எழுதினேன். மகன் கப்பலில் வேலை செய்கிறான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். நான் திருத்தப் போகவில்லை. மத்தியான வெயிலில் முற்றத்தில் கால் வைக்க முடியாமல் துள்ளி ஓடுகிற ஆட்களிடம், தரையைச் சூடாக்குவதற்கு இங்கே சம்பளம் தருகிறார்கள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. விஷயம் ஒன்றும் பெரிய சிக்கலில்லை. வீடு கட்டும்போதே கொங்கிறீற் தரைக்குள் செப்புக் குழாயை வளைத்து வளைத்துப் புதைத்துவிடுவார்கள். பின்பக்கத்துக் கொட்டிலில் பொயிலர் தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீரைத் தரைக்குள் சுற்றி வரச் செய்வது ஒரு தேங்காயளவு பம்ப். பம்ப் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது வீட்டுச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்ரற். உள்ளங்கையளவு பெட்டி, முன்னால் ஒரு குமிழ். குமிழில் வைத்த அளவுக்குக் கீழே அறை குளிர்ந்தால் பெட்டிக்குள் இருக்கும் தகடு வளைந்து, 'டிக்' என்று பம்பை ஓட விடும். அறை சூடானால் இன்னொரு 'டிக்', பம்ப் நின்றுவிடும். கொங்கிறீற்றுக்கு மட்டும் அவசரம் என்பதே கிடையாது. ஒரு முழு நாளாவது பம்ப் ஓடினால்தான் தரை சூடு பிடிக்கும். பாதி நாள் ஓடிப் பாதி நாள் நின்றால் வீடு குளிர்ந்தபடியே கிடக்கும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிடுவேன். அது ஊர்ப் பழக்கம்தான், ஆனால் தொழிலுக்கும் உதவியது. வெறுங்காலோடு அறை அறையாக நடந்தால் எந்தக் குழாயில் சூடு ஓடுகிறது, எதில் காற்று அடைத்திருக்கிறது என்று உள்ளங்கால் சொல்லிவிடும். முதலாளி ஒல்லாந்துக்காரர். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வாடிக்கையாளர்களிடம், "என்னிடம் ஒரு ஆள் இருக்கிறான், காலாலேயே கண்டுபிடிப்பான்" என்று பெருமையடிக்கத் தொடங்கினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. இருபத்தாறு வயதில் ஒருவனைக் கெட்டிக்காரன் என்று சொன்னால் அவன் அதை அப்படியே நம்பிவிடுவான்.

எங்கள் வாடிக்கையாளர்களில் தமிழ்க் குடும்பம் ஒன்றே ஒன்றுதான். பொக்ஸ் ஹில் பக்கம் ஒரு வாடகை வீடு. கணவர் அரசாங்க அலுவலகமொன்றில் படம் வரைகிற வேலை. மனைவி யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவர். இரண்டு பேரும் என்னைவிட மூத்தவர்கள், ஆகவே அண்ணை, அக்கா. மே மாதம் அவர்கள் குடிவந்தபோது பொயிலரைச் சரிபார்க்க முதலாளி என்னைத்தான் அனுப்பினார். தமிழ்க் குரலைக் கேட்டதும் அக்கா குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்துவிட்டார். அப்போது அவர் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. வேலை முடிந்து புறப்படும்போது, சாமிப் படம் வைக்க ஒரு தட்டு அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். கிழக்குப் பார்த்து வைக்க வேண்டுமென்றால் வரவேற்பறையில் ஒரு சுவர்தான் இருந்தது. அதில் முன்பிருந்தவர்கள் ரெலிபோன் வைத்திருந்த இடத்தில் திருகாணித் துளைகளும் தயாராக இருந்தன. ஐந்து நிமிடத்தில் தட்டை அடித்துக் கொடுத்துவிட்டு, உதவி செய்த சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன்.

பிள்ளை ஏழாம் மாதமே பிறந்துவிட்டது. ஒரு பெண் பிள்ளை, ஒரு முழம்கூட இல்லை என்று அண்ணை ரெலிபோனில் சொன்னார். பல வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிள்ளை கொஞ்சம் தேறியதும், வீட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீடு பகலும் இரவும் ஒரே சூடாக இருக்க வேண்டும். படுக்கையறையில் தொங்கவிட ஒரு வெப்பமானியும் கொடுத்து, காலையும் மாலையும் பார்த்துத் தாளில் எழுதி வைக்கச் சொன்னார்கள். நேர்ஸ் நேரில் வந்து தாளைப் பார்த்து, திருப்தியானால்தான் பிள்ளை வரும். மெல்பேர்ண் குளிர்காலத்தின் நட்டநடுப் பகுதி அது. வீடோ காலையில் ஐஸ் போட்ட மீன் பெட்டி மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

அண்ணை என்னைக் கூப்பிட்டார். காலை பதினொரு மணிக்குப் போனேன். அண்ணை வேலைக்குப் போயிருந்தார். அக்கா ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்குப் புறப்பட்டுப் போய், மாலைவரை பிள்ளையின் பக்கத்தில் இருந்துவிட்டு வருவார். கதவுத் திறப்பை எனக்காகப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார்கள். கொட்டிலுக்குள் போய்ப் பார்த்தேன். பொயிலர் எரிகிறது, பம்ப் ஓடுகிறது. உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றி நடந்தேன். தரையில் இளஞ்சூடு ஏறிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையும் வீடு குளிர்ந்துதான் கிடந்தது. திரும்பப் போனேன். திரும்பவும் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பம்பைக் கழற்றித் துடைத்தேன், குழாய்களில் காற்றை எடுத்தேன், கம்பிகளை இறுக்கினேன். அடுத்த நாளும் அதே கதை. நேர்ஸ் ஒரு தடவை வந்து, தாளில் இருந்த காலை எண்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார். பிள்ளை வருவதற்காகத் தைத்து வைத்த துணிகளை அக்கா திரும்ப அலுமாரிக்குள் வைத்ததாக அண்ணை சொன்னார்.

அப்போதுதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. பகலில் வீட்டில் ஆள் இல்லை, பம்ப் ஓடுகிறது. மாலையில் ஆள் வருகிறது, காலையில் வீடு குளிர்ந்து கிடக்கிறது, இடையில் பம்ப் நின்றிருக்கிறது. அப்படியென்றால் வருகிற ஆள்தான் நிறுத்துகிறது. அண்ணை வீடு திரும்ப ஆறு மணிக்கு மேலாகும். முதலில் வருவது அக்கா. எனக்கு எல்லாம் கண்ணாடி போலத் தெளிவாகிவிட்டது. நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒரு அறையை விட்டு அடுத்த அறைக்குப் போவதற்குள் லைட்டை நிறுத்துகிறவர்கள் நாங்கள். ஒன்று சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எங்களுக்கு உடம்பு பதறும். என் அறையிலிருந்த சின்ன ஹீற்றரை நானே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திக்கொண்டிருந்தேன். அக்காவும் வந்ததும் வராததுமாகக் குமிழைத் திருகிக் குறைத்துவிட்டு, காலையில் போகும்போது பழையபடி வைத்துவிட்டுப் போகிறார் என்று முடிவு கட்டினேன்.

முடிவு கட்டியதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். திங்கட்கிழமை காலை, அவர்கள் இரண்டு பேரும் புறப்படுவதற்கு முன்பே போய், அதை நேருக்கு நேர் சொன்னேன்.

"அண்ணை, பம்பிலை ஒரு பிழையும் இல்லை. வீட்டிலை ஆக்கள் இல்லாத நேரம் வடிவா ஓடுது. ஆக்கள் வந்தாப்பிறகுதான் நிக்குது. ஆரோ குமிழைத் திருகினம்."

அக்கா கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். "நான் தொடேல்லைத் தம்பி," என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போடலாம் போல இருக்கிறது. "அக்கா, எங்கடை ஆக்களின்ரை பழக்கம் எனக்குத் தெரியாதோ? நானும் அப்பிடித்தான். ஆனா இது லைட் இல்லை. நிப்பாட்டினா திரும்பச் சூடாக ஒரு நாள் வேணும்."

"நான் அதிலை கையே வைக்கேல்லை."

அண்ணை அவர் பக்கம் திரும்பினார். பல நாள் நித்திரை இல்லாத முகம். "உமக்குப் பிள்ளை வீட்டை வரவேணும் எண்ட எண்ணமே இல்லையோ?" என்று கேட்டார்.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பையிலிருந்து கம்பிக்குச் சுற்றும் கறுப்பு ரேப்பை எடுத்து, யாரும் திருக முடியாதபடி குமிழின் குறுக்கே ஒட்டிவிட்டு, "இனிச் சரிவரும் அண்ணை" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணின் வீட்டுச் சுவரில் அதை ஒட்டினேன்.

புதன்கிழமை அண்ணை திரும்பக் கூப்பிட்டார். வீடு அப்படியேதான் குளிர்கிறது. ரேப் ஒட்டினபடி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். நல்ல புத்தி உள்ளவன் அந்த இடத்தில் தன் கணக்குப் பிழைத்துவிட்டது என்று ஒப்புக்கொள்வான். எனக்கோ, ரேப்பை உரித்துத் திரும்ப ஒட்டுவது பெரிய வேலையா என்றுதான் தோன்றியது. "நாளைக்குப் பின்னேரம் வாறன். அக்காவுக்குச் சொல்லாதேங்கோ," என்றேன். கையோடு பிடிப்பதென்று முடிவு.

வியாழன் ஐந்து மணிக்கு முன்பே போனேன். வானை அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு, பின்கேற்றைத் திறந்து கொட்டிலுக்குள் நுழைந்து நின்றேன். வானம் மங்கிக்கொண்டு வந்தது. பம்பின்மேல் கையை வைத்தேன். தேனீக்கூடு போல மெல்ல இரைந்துகொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் முன்கதவு திறக்கும் சத்தம். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கால்மணி நேரம் ஆகியிருக்கும். என் கைக்குக் கீழே பம்ப் நின்றது.

ஓடினேன். பின்வாசலில் சப்பாத்தைக் கால்களாலேயே உதறிவிட்டு, தட்டாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து வரவேற்பறைக்குப் போனேன்.

அக்கா தெர்மோஸ்ரற்றுக்குக் கிட்டவே இல்லை. அறையின் மற்றக் கோடியில், எதிர்ச் சுவரில் சாய்ந்து தரையில் இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன. என்னைப் பார்த்துத் திடுக்கிடவும் இல்லை.

"வாங்கோ தம்பி. நிண்டிட்டுதோ?" என்றார்.

வந்த வேகத்தில் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"பின்கேற்றைக் கட்டியிருந்த கயிறு அவிண்டு கிடந்தது. நீங்கள் கொட்டிலுக்கை நிக்கிறியள் எண்டு தெரியும். வந்து முகத்தைக் கழுவி, விளக்கைக் கொளுத்திப்போட்டு இஞ்சை வந்து இருந்தனான். நீங்கள் வருமட்டும் எழும்பிறேல்லை எண்டு இருக்கிறன்."

தான் செய்யவில்லை என்று காட்டுவதற்காக, களைத்து வந்த ஒரு மனுசி அந்த வெறுந்தரையில் அசையாமல் இருந்திருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். குமிழின்மேல் என் கறுப்பு ரேப், ஒரு மூலைகூடக் கிளம்பாமல் ஒட்டினபடி. அதற்கு ஒரு சாண் கீழே சாமித்தட்டு. தட்டில் ஒரு சின்னப் பித்தளை விளக்கு. நல்லெண்ணெய்க்கு வழியில்லாத ஊரில், கிரேக்கக் கடையில் வாங்கிய ஒலிவ் எண்ணெயில் திரி நின்று நிதானமாக எரிந்துகொண்டிருந்தது.

போய்ப் பெட்டியின்மேல் கையை வைத்தேன். பிள்ளையின் நெற்றி காய்வதுபோலச் சுட்டது.

அந்தப் பெட்டிக்கு வீடு குளிர்கிறதா என்று தெரியாது. தன்னைத் தொடுகிற காற்றுத்தான் தெரியும். கீழே விளக்கு எரிந்தால் அதற்கு உலகமே சூடாகிவிட்டது, பம்பை நிறுத்திவிடும். மே மாதத்தில் அக்கா விளக்கை ஐந்து நிமிடம் ஏற்றிவிட்டு அணைத்துவிடுவார். அப்போது ஒரு கரைச்சலும் இல்லை. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நேர்த்தி வைத்திருந்தார், அதை அவர் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை, தான் வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் விளக்கு எரிய வேண்டும். மாலை வந்ததும் ஏற்றி, எழும்பி எழும்பி எண்ணெய் விட்டு, காலையில் எட்டரைக்குப் போகும்போதுதான் அணைப்பார். திங்கட்கிழமை நான் போனபோதும் அணைத்துவிட்டுத்தான் கதவடியில் நின்றிருக்கிறார். நான் பதினொரு மணிக்கு வந்து, பெட்டி ஆறி, பம்ப் ஓடுகிறதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன்.

பெட்டி சுட்டதன் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தடுமாறிக்கொண்டு நின்றேன். சொல்லத் தேவைப்படவில்லை. என் கை பெட்டியில் இருப்பதைப் பார்த்தார், கீழே சுடரைப் பார்த்தார், எழுந்து வந்தார்.

"விளக்கோ?"

தலையாட்டினேன்.

"ரெண்டு உலோகத்தை ஒட்டின தகட்டை ஸ்பிரிட் விளக்கிலை பிடிச்சு, வளையுது பாருங்கோ பிள்ளையள் எண்டு வருசா வருசம் காட்டினனான். எனக்கே தெரியாமல் போச்சே." பிறகு மெதுவாக, "அப்ப பிள்ளையை அங்கை மறிச்சு வைச்சிருந்தது நான்தான்," என்றார்.

"இல்லை அக்கா, இல்லை. தட்டை இதிலை அடிச்சது நான். இது என்ரை தொழில். இதுக்குக் கீழை ஒண்டும் வைக்கக்கூடாது எண்டு படிச்சவன் நான்." சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன். அழ வேண்டியவர் அவர். அவரோ எனக்குத் தேத்தண்ணி வைக்கட்டோ என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வானை எடுத்து வந்து கருவிகளை இறக்கினேன். விளக்கை அணைக்கக் கூடாது என்பதால், நான் தட்டைக் கழற்றி, குசினிப் பக்கத்துச் சுவரில் துளை போட்டு மாட்டும்வரை அக்கா அதை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்தச் சுவரில் வைத்தால் சாமி கிழக்குப் பார்க்காது என்று தயங்கினேன். "பரவாயில்லை, பிள்ளை வரட்டும்," என்றார். தெர்மோஸ்ரற் ஆறுவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. 'டிக்' என்ற சத்தத்துக்காக இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கேட்டதும் அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். ரேப்பை நானே உரித்து எடுத்தேன்.

பிள்ளை வந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நேர்ஸ் வந்தபோது தரை நன்றாகச் சூடு பிடித்திருந்தது. ஆனால் தாளில் இருந்த பழைய எண்களைப் பார்த்து, இன்னும் மூன்று நாள் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். சுற்றியிருந்த கம்பளிக்குள் முகத்தைத் தேட வேண்டியிருந்தது. என்னால் அந்தப் பிள்ளை ஒரு வாரத்துக்கு மேலாகத் தாயைப் பிரிந்து கிடந்தது என்ற நினைப்பில், தூக்குங்கோ என்று அக்கா நீட்டியபோது கை கூசியது.

ஆனால் இத்தனை வருடம் கழித்தும் எனக்குள் நிற்பது அந்த வியாழக்கிழமைதான். தட்டை மாட்டி முடித்துவிட்டுக் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்: "இவர் வந்தவுடனை நீங்கள் சொல்லுங்கோ தம்பி. நான் சொன்னா எடுபடாது."

ஆறரை மணிக்கு அண்ணை வந்தார். கழுத்துத் துணியை அவிழ்க்காமலே, "என்ன, பிடிச்சியளோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

"பிழை என்ரை அண்ணை," என்றேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை அடித்தது, விளக்கு, பம்ப் நின்றது, கொட்டிலுக்குள் ஒளிந்து நின்றது, ஒன்றும் விடவில்லை. "அக்கா ஒரு நாளும் குமிழைத் தொடேல்லை," என்று இரண்டு தடவை சொன்னேன்.

அண்ணை கோபக்காரர். என்மேல் பாய்வார், முதலாளிக்கு எடுத்துச் சொல்வார், வேலை போகும் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"அப்ப, நான் தொடேல்லை எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்," என்றார் அக்கா. "உங்கள் ரெண்டு பேருக்கும்தான் சொன்னனான்."